தண்ணீர் வருவதற்கு முன்பே பங்கு பேசுங்கள்: வானம் பார்த்த ஊரை மீட்க ஒரு முழு வழிகாட்டி

மகாராஷ்டிராவின் அகமதுநகர் (இப்போது அஹில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்று ஓர் ஊர். ஆண்டுக்கு 400 மி.மீ மழைகூட அங்கே உறுதியில்லை. 1972 பஞ்சத்துக்குப் பிறகு கிணறுகள் வற்றின, மலை மொட்டையானது. பிழைக்க வழி தேடியவர்கள் புனேவுக்கும் மும்பைக்கும் போய்விட்டார்கள். 1989இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். 1995இல் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது மூன்றாகக் குறைந்தது. வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மழை மட்டும் பழைய அளவுதான்.

இந்த ஊரைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். மலைச்சரிவில் வெட்டிய பள்ளங்களையும் தடுப்பணைகளையும் படம் எடுத்து வருகிறார்கள், தங்கள் ஊரிலும் அதையே கட்டுகிறார்கள். பல இடங்களில் அது பலிப்பதில்லை. மண்வேலையோடு சேர்த்து ஹிவரே பஜார் மக்கள் தங்களுக்குள் சில கட்டுப்பாடுகளையும் பேசி முடித்தார்கள். மரம் வெட்டக் கூடாது, மலையில் ஆடு மாடுகளை அவிழ்த்துவிடக் கூடாது, சாராயம் கூடாது, ஊர் வேலைக்கு எல்லோரும் உழைப்பு தர வேண்டும் என்பவை அவை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, கரும்பு வைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. இவை எதுவும் படத்தில் விழாது.

அதனால் இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசைக்குத்தான் அதிக அழுத்தம் கொடுக்கிறேன். எந்த மாநிலத்து மானாவாரி ஊருக்கும் இது பொருந்தும். ஆனால் எழுதும்போது என் மனதில் இருப்பவை ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை, தர்மபுரிப் பக்கத்து ஊர்கள். தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மி.மீக்கு மேல். ஹிவரே பஜாரைப் போல இரண்டு மடங்கு. தென்மாவட்டங்களில் அதைவிடக் குறைவாகப் பெய்தாலும், வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் தொடங்கலாம். ஆனால் ஐந்து ஆண்டாவது விடாமல் நிற்க வேண்டும்.

படி 1: மழை பெய்யும்போது ஊரை நடந்து பாருங்கள்

வெயிலில் நடந்தால் ஊரின் நிலம் தெரியும். மழையில் நடந்தால்தான் தண்ணீரின் பாதை தெரியும். நல்ல மழை ஒன்று கொட்டும்போது குடையோடு கிளம்புங்கள். தண்ணீர் எந்த மேட்டிலிருந்து இறங்குகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது, எந்த வரப்பை உடைக்கிறது, கண்மாய்க்குப் போக வேண்டிய வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். கலங்கல் நீர் ஓடும் இடமெல்லாம் மேல்மண் போகிறது என்று அர்த்தம்.

கூட வருகிறவர்களில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். விறகு பொறுக்கும் பெண்கள் இருக்க வேண்டும். கண்மாய் மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டி குடும்பத்துப் பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பல ஊர்களில் அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அறுவடையில் ஒரு பங்கு நெல்தான் அவர்களுக்குக் கூலி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவை வைத்திருப்பவர்கள் ஊர்க் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை முதல் நாளிலேயே மாற்றத் தொடங்குங்கள்.

திரும்பி வந்ததும் பொது மைதானத்தில் கோலமாவால் ஊரின் படத்தைப் போடுங்கள். மேடு, ஓடை, கண்மாய், கிணறு, மேய்ச்சல் புறம்போக்கு, வீடுகள் எல்லாம் வரட்டும். எல்லோரும் கூடித் திருத்திய பிறகு அதைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். வருவாய்த் துறைப் புலப்படத்தோடு ஒப்பிட்டால் ஆக்கிரமிப்பும் அதில் தெரியும். அதைப் பற்றி அந்த இடத்திலேயே சண்டை வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கு

இதற்குப் பொறியாளர் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு இது.

ஓர் ஏக்கரில் 1 மி.மீ மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். ஊரின் பரப்பு 1,000 ஏக்கர், மழை 600 மி.மீ என்றால் வானத்திலிருந்து இறங்குவது 240 கோடி லிட்டர். ஊரில் 1,500 பேர், தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்தால் ஓராண்டுக்குச் சுமார் 3 கோடி லிட்டர். 600 மாடுகளுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் வீதம் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். மனிதருக்கும் மாட்டுக்கும் சேர்த்து 5 கோடி லிட்டர்கூட ஆகவில்லை. பெய்ததில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இது.

இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிப் போட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். நூற்றில் இரண்டு பங்கு நமக்குப் போதும் என்றால், கோடையில் குடத்தோடு ஏன் அலைகிறோம் என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி ஊருக்குள்ளிருந்து வரவேண்டும்.

அப்புறம் பயிர்க் கணக்கு. நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ நீர் வேண்டும். கரும்புக்கு 2,000 மி.மீக்கு மேல். நிலக்கடலைக்கு 500, கேழ்வரகுக்கு 350, உளுந்துக்கு 300க்குள் அடங்கும். ஓர் ஏக்கர் கரும்பு குடிப்பது 80 லட்சம் லிட்டர். 400 பேர் ஓராண்டு குடித்துக் குளித்துச் சமைக்கும் தண்ணீர் அது. கரும்பு வைத்தவரைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது. ஆனால் அவருடைய பம்ப்செட் எடுப்பது ஊரின் அடியில் உள்ள ஒரே தண்ணீரை என்பது கணக்கில் வரவேண்டும்.

கிணறுகளில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு நாள் கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். பக்கவாட்டுச் சுவர் நேராக உள்ள ஒரு டப்பாவில் ஸ்கேல் ஒட்டினால் மழைமானி தயார்.

படி 3: பங்கு பேசுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் அவசரம். ஜேசிபி வந்துவிட்டது, நிதி மார்ச்சுக்குள் முடியவேண்டும், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாதபோது பங்கு பேசினால் எல்லோரும் நியாயமாகப் பேசுவார்கள். தண்ணீர் வந்த பிறகு பேசினால், கிணறு யாருடைய நிலத்தில் இருக்கிறதோ அவர்தான் பேசுவார்.

தண்ணீரைச் சேமிக்கும் வேலையில் கஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று பாருங்கள். மேட்டுப் புறம்போக்கில் ஆடு மேய்க்கக் கூடாது என்று தடை போட்டால் நஷ்டப்படுபவர் நிலமில்லாத ஆட்டுக்காரர். அந்த மேட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் ஊறுவது பள்ளத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு. ஏழையின் இழப்பில் வசதியானவரின் கிணறு நிறைகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த ஆட்டுக்காரர் மதிப்பார்? இரவோடு இரவாக மந்தையை உள்ளே ஓட்டுவார். அவர் மேல் தப்பில்லை.

இதற்கு விடை கண்ட ஊர் ஹரியானாவின் சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள சுகோமாஜ்ரி. 1970களில் சண்டிகரின் சுக்னா ஏரியில் வண்டல் ஏறிக்கொண்டே போனது. பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வளப் பாதுகாப்பு அலுவலர் அதன் காரணத்தைத் தேடி மேலே போனார். மொட்டையான மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் இந்தக் கிராமம் இருந்தது. சிறிய மண் அணைகள் கட்டினார்கள். தண்ணீர் நிலமுள்ளவர்களுக்கு மட்டும் போனவரை மலையைக் காக்க எல்லோரும் முன்வரவில்லை. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அணை நீரில் சம பங்கு என்று முடிவானது. நிலமில்லாதவர் தன் பங்கை மற்றவருக்கு விற்கலாம், அல்லது பங்குக்கு விவசாயம் செய்யலாம். அதற்குப் பிறகு மலைக்கு வேலியும் காவலும் தேவைப்படவில்லை. மலை கெட்டால் தன் பங்கும் போகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. சமூக வேலி என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

இன்னொன்று புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தின் நாய்காவ். 1972 பஞ்சத்தில் மக்கள் நிவாரணக் கூலிக்குக் கல் உடைப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அங்கே வந்து வேலை தொடங்கிய பொறியாளர் விலாஸ்ராவ் சாளுங்கே. கோயில் அறக்கட்டளையின் 40 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்து காட்டினார். அங்கிருந்து வளர்ந்த பானி பஞ்சாயத்து என்ற தண்ணீர்ப் பங்கீட்டு அமைப்பின் விதிகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் உரிமை ஏக்கரைப் பார்த்து வராது, ஆளைப் பார்த்து வரும். ஓர் ஆளுக்கு அரை ஏக்கருக்கான நீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கான நீர். நிலமில்லாதவருக்கும் உரிமை உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு சேர்ந்து போகாது. கரும்பு கிடையாது. செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாளிகளே போட வேண்டும்.

உங்கள் ஊரில் எழுத வேண்டிய ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். குடிநீர் முதலில், கால்நடை இரண்டாவது, பயிர் அப்புறம் என்ற வரிசை, நிலமில்லாத வீடுகளின் பங்கு, மேய்ச்சலை மூடும் இடங்கள், அவற்றுக்கு மாற்றிடம், புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கான கட்டுப்பாடு, மீறினால் என்ன என்பவை அதில் இருந்தால் போதும். கண்மாய் மீன் குத்தகைப் பணம் எங்கே போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பல ஊர்களில் சண்டை அங்கேதான் தொடங்கும்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22லும், நவம்பர் 1லும் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 கூட்டம் இதற்கென்றே அமைந்தது போல. கூட்டத்துக்கு முன் பெண்களிடமும் ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகப் பேசுங்கள். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் தங்கள் திண்ணையில் தெளிவாகப் பேசுவார்கள்.

இந்தப் படிக்கு ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஆகட்டும்.

படி 4: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மண்வேலை

நான் பார்த்த ஓர் ஊரில் ஓடையின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் தடுப்பணையை முதலில் கட்டினார்கள். மேட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை. இரண்டே பருவத்தில் மேட்டு மண் வந்து அணையை மூடியது. இப்போது அதன் மேல் சீமைக்கருவேலம் நிற்கிறது. செலவழித்த பணத்தைவிட, இனி ஒன்றும் நடக்காது என்று ஊர் மனம் விட்டதுதான் பெரிய நஷ்டம்.

ஓடும் தண்ணீரை நடக்க வையுங்கள், நடக்கும் தண்ணீரை நிற்க வையுங்கள், நிற்கும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குங்கள். இந்த வரிசை மலைத்தலையில் தொடங்க வேண்டும்.

சம உயரக் கோட்டைக் கண்டுபிடிக்க ஏ எழுத்து வடிவில் ஒரு சட்டம் போதும். ஆறடிக் கம்பு இரண்டைத் தலையில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு விழும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறியுங்கள். இரண்டு கால்களையும் இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துச் சரிவில் நடந்தால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் யாதெங்கா பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை வைத்து இதே வேலையைச் செய்து, வயல்களின் குறுக்கே கல்வரிசைகளை அடுக்கினார்கள். முழங்காலுக்கும் கீழான அந்தக் கல்வரிசை வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்துக்கொண்டது.

சரிவில் அந்தக் கோட்டின் மேல் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் விட்டுவிட்டு அகழிகள் வெட்டுங்கள். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டு, அதில் புல்லும் உள்ளூர் மர விதையும் விதையுங்கள். அடுத்து ஓடைகளின் தலைப்பகுதியில் உலர்கல் தடுப்புகள். இவற்றின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தை அரித்துச் சுற்றிப் போய்விடும். கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருந்தால் இடைவெளி சரி.

பிறகு வயல் வரப்பு. அதற்குப் பிறகு பண்ணைக்குட்டை. மேலே 20 மீட்டர் சதுரம், கீழே 14 மீட்டர் சதுரம், 2 மீட்டர் ஆழம் என்று சரிவாக வெட்டினால் ஏறக்குறைய 5.8 லட்சம் லிட்டர் பிடிக்கும். வெயிலும் கசிவும் எடுத்தது போக, ஓர் ஏக்கர் மானாவாரிப் பயிருக்கு இரண்டு தடவை உயிர்த் தண்ணீர் கொடுக்கலாம். பூ எடுக்கும் நேரத்தில் மழை ஏமாற்றினால் அந்த இரண்டு தண்ணீர்தான் விளைச்சலுக்கும் வெறும் சருகுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியில் கண்மாய். இங்கேயும் வரத்துக்கால் முதலில், அப்புறம் கலுங்கு (நிறைந்த பிறகு மிஞ்சும் நீர் வெளியேறும் வழி), மடை, கரை. உள்ளே தூர் வாருவது இறுதியில். எடுத்த வண்டல் செம்மண் காட்டுக்குப் போகட்டும், சிறு விவசாயிக்கு முதலில். மண் விற்பனைக்குப் போகத் தொடங்கினால் கண்மாயில் பள்ளம்தான் மிஞ்சும்.

படி 5: மண்ணும் மரமும்

நாற்று வாங்கி நடும் விழாக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. மண்ணுக்குள் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் வேர்களைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் ஆண்டுக்கணக்கில் மரம் நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். 1983இல் வயலில் புதர் என்று நினைத்தவற்றை உற்றுப் பார்த்தார். அவை வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து வந்த தளிர்கள். நல்ல கிளைகள் நாலைந்தை விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் மரமாகிவிடுகின்றன. காலனி ஆட்சிக் காலத்துச் சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம் என்பதால் விவசாயிகள் அவற்றைக் காப்பதில் அக்கறை காட்டவில்லை. மரம் தங்களுடையது என்ற உறுதி வந்ததும் காத்தார்கள். நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரம் திரும்பியது. நம் காடுகளில் வேம்பு, உடை, ஆத்தி, வாகை எல்லாம் இதே போலத் துளிர்க்கும்.

யாதெங்காவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, கோடையில் இறுகிய நிலத்தில் ஒரு சாண் ஆழக் குழிகளை இரண்டடி இடைவெளியில் தோண்டி, உள்ளே எரு போட்டு வைத்தார். கரையான் வந்து மண்ணைத் துளைக்கும். முதல் மழையில் தண்ணீர் குழியில் நிற்கும், சோளம் முளைக்கும். ஜாய் என்று அங்கே வழங்கும் இந்தக் குழிமுறை பெரும் உழைப்பு கேட்கிறது. ஆனால் உழைப்பைத் தவிர வேறு முதல் இல்லாத குடும்பத்துக்கு ஏற்றது.

சீமைக்கருவேலம் பற்றி ஒரு வார்த்தை. அதை எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ராமநாதபுரம் பக்கம் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் பல ஏழைக் குடும்பங்கள் சாப்பிடுகின்றன. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினால் அவர்களுக்கு என்ன வழி? வரத்துக்கால், கண்மாய் உள்வாய் என்று முக்கியமான இடங்களில் தொடங்குங்கள். வெட்டும் வேலையையும் விறகையும் அந்தக் குடும்பங்களுக்கே கொடுங்கள். வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

படி 6: பயிர், மாடு, பணம்

ஊருக்குத் தண்ணீர் வந்ததும் நெல், கரும்பு என்று மனம் ஓடும். ஒப்பந்தத்தைக் காட்டி நிறுத்த வேண்டிய நேரம் அது. குதிரைவாலி, கம்பு, துவரை, உளுந்து, எள் என்று கலந்து விதைத்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். மேய்ச்சல் மூடிய மேட்டில் ஓராண்டுக்குள் புல் வந்துவிடும். அறுத்து வந்து மாட்டுக்குப் போடலாம், அறுக்கும் உரிமையில் நிலமில்லாத வீடுகளுக்கு முதலிடம். ஹிவரே பஜாரில் முதலில் கைக்கு வந்த காசு பாலில்தான். 1990களின் நடுவில் நாளுக்கு 150 லிட்டராக இருந்தது 4,000 லிட்டரைத் தொட்டது.

மண்வேலைக்கு அரசின் ஊரக வேலைத் திட்டங்களைப் பயன்படுத்துங்கள். கையால் செய்யக்கூடிய வேலைக்கு இயந்திரம் வேண்டாம். கூலி ஊருக்குள் தங்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. செலவுக் கணக்கை மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள். மகளிர் சுய உதவிக் குழு கையெழுத்துப் போடாமல் பணம் எடுக்க முடியாதபடி வங்கிக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது.

படி 7: பராமரிப்பும் வறட்சி ஆண்டும்

சுகோமாஜ்ரியிலும் பிற்காலத்தில் அணைகளில் வண்டல் சேர்ந்தது, பராமரிப்பு தளர்ந்தது. நல்ல ஊருக்கே அது நடந்தது என்றால் நமக்கும் நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆடியில், மழைக்கு முன்பாக, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்காலைச் சுத்தம் செய்யும் பழைய குடிமராமத்து வழக்கத்தை மறுபடி எழுப்புங்கள். புல், மீன், தண்ணீர்ப் பங்கு மூலம் வரும் பணத்தில் ஒரு பகுதி பராமரிப்புக்கென்று தனியாக நிற்கட்டும்.

உண்மையான சோதனை முதல் வறட்சி ஆண்டில் வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை பிறந்த முதல் வாரத்தில் கூடுங்கள். மழைமானிக் கணக்கையும் கிணற்று அளவையும் வாசியுங்கள். அடுத்த மழை வரை குடிநீருக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியது போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். மிச்சம் இருந்தால் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று பிரியுங்கள். மிச்சம் இல்லை என்றால் அந்த ஆண்டு கோடைப் பயிர் கிடையாது. ஊரில் பெரிய கை உள்ளவரின் பம்ப்செட்டும் அன்றைக்கு நிற்க வேண்டும். குழுவில் உள்ளவர்கள் முதலில் தங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் வாசித்த அளவுகளையும் எடுத்த முடிவையும் ஒரு நோட்டில் எழுதி, வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, ஊர்ப் பொது இடத்தில் யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள்.